கான்ஸ்டன்டைனுக்கு முன்பே இருந்த சபை

நண்பரே, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். "கிறிஸ்தவ மதத்தை உண்மையில் உருவாக்கியது ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன்தான், அவனுடைய வாள்தான் அதைப் பரப்பியது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள், இது சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், தோமா இந்தியாவுக்கு வந்தார் என்பதை நம்பலாமா என்றும் சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் அறிய விரும்புவது கான்ஸ்டன்டைனைப் பற்றி மட்டும் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. படையும் பணமும் இல்லாத ஒரு சிறு கூட்டம் எருசலேமில் தொடங்கி முந்நூறு ஆண்டுகளுக்குள் ஒரு பேரரசு முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அரசன் கை இல்லாமல் இப்படி நடக்குமா என்பதுதான் உங்கள் சந்தேகம். நியாயமான சந்தேகம். நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் இறையியல் மாணவர்களுக்கு ஆதித் திருச்சபை வரலாறும் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்தவன். விசுவாசியும்கூட. ஆனால் விசுவாசத்தால் நான் ஏற்கும் ஒன்றை வரலாறு என்று இங்கே எழுத மாட்டேன். கிழக்குச் சபைகள் பேசிய சீரிய மொழி எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்துச் செய்திகளை மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேர் பதில் இதுதான்: இல்லை, கான்ஸ்டன்டைன் அதை உருவாக்கவில்லை. ரோம் நகருக்கு வெளியே மில்வியப் பாலத்தருகே அவர் தன் எதிரி மக்சென்டியஸை வென்றது 312 அக்டோபரில். அடுத்த ஆண்டு மிலானில் அவரும் இணைப் பேரரசர் லிசினியஸும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். கிறிஸ்தவர்கள் உட்பட எல்லாரும் தாங்கள் விரும்பும் தெய்வத்தை வழிபடலாம், கிறிஸ்தவர்களிடமிருந்து பறித்த இடங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் அவை முன்பே இருந்திருக்க வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு முன், 303 பிப்ரவரியில், அப்போதைய பேரரசர் டயோக்ளீஷியன் தன் தலைநகரான நிக்கொமேதியாவில் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார். அரண்மனையிலிருந்து பார்த்தாலே கண்ணுக்குத் தெரியும் மேட்டில் அது நின்றிருந்தது. மிலான் உடன்பாட்டுக்கு அடுத்த ஆண்டே, 314-இல், இன்றைய பிரான்சின் தெற்கிலுள்ள ஆர்ல் நகரில் ஆயர்கள் (பிஷப்புகள்) கூடியபோது பிரிட்டனிலிருந்துகூட மூன்று பேர் வந்திருந்தார்கள். ஓராண்டில் எந்த அரசனும் இவ்வளவையும் முளைக்கச் செய்துவிட முடியாது.

கிறிஸ்தவம் பேரரசின் அதிகாரபூர்வ மதமானது கான்ஸ்டன்டைன் காலத்தில் அல்ல. அவர் 337-இல் இறந்து 43 ஆண்டுகள் கழித்து, 380-இல், பேரரசர் தியோடோசியஸ் வெளியிட்ட ஆணையால். 325-இல் நிசேயா சங்கத்தைக் கூட்டியது கான்ஸ்டன்டைன்தான். ஆனால் அங்கே முக்கியமாகப் பேசப்பட்டது, குமாரனாகிய இயேசுவுக்கும் பிதாவாகிய கடவுளுக்கும் உள்ள உறவு என்ன என்று ஆரியஸ் என்ற குரு கிளப்பிய விவகாரம். ஈஸ்டர் நாளும் பேசப்பட்டது. எந்தப் புத்தகங்களை பைபிளில் சேர்ப்பது என்று அங்கே வாக்கெடுத்தார்கள் என்பது திரும்பத் திரும்பச் சொல்லப்படும் தவறு. இன்று நம் கையில் இருக்கும் 27 புத்தகங்களை மட்டும் அப்படியே பட்டியலிட்டு நமக்குக் கிடைக்கும் முதல் ஆவணம், 367-இல் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியஸ் எழுதிய ஈஸ்டர் கடிதம். காணொளி சொன்னதில் உண்மையே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. தியோடோசியஸ் காலத்தில் பழைய தெய்வங்களுக்குப் பலியிடத் தடை வந்தது, அவற்றின் கோயில்கள் மூடப்பட்டன. அலெக்சாந்திரியாவின் செராபிஸ் கோயில் இடிக்கப்பட்டது, 415-இல் அதே ஊரில் ஹைப்பேஷியா என்ற தத்துவ ஆசிரியை கிறிஸ்தவக் கும்பலால் கொல்லப்பட்டார். அரச பலம் கைக்கு வந்த பின் சபை அதைத் தவறாகவும் பயன்படுத்தியது. இதை மறைத்து எழுதும் சபை வரலாறுகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் அது நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தொடங்கும் கதை. உங்கள் கேள்வி அதற்கு முன்னால் நடந்ததைப் பற்றியது.

சரி, ஆரம்பத்துக்குப் போவோம். நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கிறிஸ்தவ எழுத்து சுவிசேஷங்கள் அல்ல, பவுலின் கடிதங்கள். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதம் கி.பி. 50-ஐ ஒட்டியது. இந்தத் தேதியை எப்படிச் சொல்கிறோம் என்றால், பவுல் கொரிந்தில் இருந்தபோது கல்லியோன் என்ற அதிகாரி முன்னால் நிறுத்தப்பட்டார் என்று புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகள் என்ற நூல் சொல்கிறது. கிரேக்க நாட்டில் தெல்பி என்ற ஊரில் கிடைத்த கல்வெட்டு ஒன்றில் கல்லியோன் பெயர் பேரரசர் கிளவுதியுவின் ஆட்சிக் குறிப்போடு வருகிறது. அதை வைத்து அவர் அங்கே பதவியில் இருந்தது 51, 52 வாக்கில் என்று கணக்கிடுகிறார்கள். பவுலின் காலவரிசை முழுக்க அந்த ஒரு கல்லில் தொங்குகிறது என்றே சொல்லலாம்.

பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது, தான் எருசலேமுக்குப் போய் கேபா என்ற பேதுருவோடு பதினைந்து நாள் தங்கியதாகவும், கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபைப் பார்த்ததாகவும் சொல்கிறார். இது நடந்தது முப்பதுகளில். அதாவது இயேசு சிலுவையில் அறையப்பட்ட சில ஆண்டுகளுக்குள்ளேயே எருசலேமில் ஒரு குழு இருக்கிறது, அதற்குத் தலைவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நேரில் பார்த்தவர் எழுதியது நம் கையில் இருக்கிறது. யாக்கோபை 62-இல் தலைமைக் குரு ஒருவர் கொல்லச் செய்ததை ஜோசிஃபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் தனியே பதிவு செய்திருக்கிறார். ரோம ஆளுநர் பிலாத்து காலத்தில் கிறிஸ்து கொல்லப்பட்டதை ரோமர் டாசிட்டஸ் எழுதுகிறார். அவருக்குக் கிறிஸ்தவர்கள்மேல் துளியும் அன்பு கிடையாது. இவை உறுதியானவை. இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதை என் வரலாற்று வகுப்பில் நான் நிரூபிக்க முயன்றதில்லை. அவர் உயிர்த்தெழுந்தார் என்று அந்தக் குழு முதல் நாளிலிருந்தே நம்பியது, அதற்காக உயிர் கொடுக்கவும் துணிந்தது என்பதுவரைதான் வரலாற்றாசிரியர் சொல்ல முடியும்.

அப்படியானால் இயேசு 'சபை' என்ற ஒன்றைத் தொடங்கினாரா? நான்கு சுவிசேஷங்களில் அந்தச் சொல் மத்தேயுவில் மட்டும்தான் வருகிறது, அதுவும் 16, 18 ஆகிய இரண்டே அதிகாரங்களில். அந்த வாசகங்கள் இயேசு சொன்னபடியே இருக்கின்றனவா என்பதில் அறிஞர்களிடையே பெரிய விவாதம் உண்டு. ஆனால் அவர் பன்னிரண்டு பேரைத் தனியே தேர்ந்தெடுத்தார் என்பதைக் கிட்டத்தட்ட எல்லாரும் ஏற்கிறார்கள். பன்னிரண்டு என்பது இஸ்ரயேலின் பன்னிரண்டு குலங்கள். அவர் மனதில் இருந்தது ஒரு புது மதம் அல்ல, புதுப்பிக்கப்பட்ட இஸ்ரயேல் என்றுதான் நான் படித்தவரை எனக்குப் படுகிறது. முதல் விசுவாசிகளும் தங்களை யூதர்களாகவே எண்ணினார்கள், ஆலயத்துக்குப் போனார்கள். 70-இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை எரித்த பிறகும் இரண்டு பக்கமும் ஒரே நாளில் பிரிந்துவிடவில்லை. ஊருக்கு ஊர் வேறு வேகத்தில், தலைமுறைகளாக நடந்த பிரிவு அது. 'எக்ளேசியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் மக்கள் கூட்டம் என்றுதான் பொருள்; கட்டடம் அல்ல. நம் தென் மாவட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை "கோயிலுக்குப் போறோம்" என்பார்கள், ஆட்களைச் சொல்லும்போது மட்டும் "சபையார்" என்பார்கள். அந்த இரண்டாவது சொல்லில்தான் பழைய பொருள் அப்படியே நிற்கிறது.

இந்தக் குழு யூதர் அல்லாதவர்களிடம் போனது எப்படி? பவுல்தான் கொண்டுபோனார் என்பது பொதுவான எண்ணம். நடபடிகள் 11-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். எருசலேமில் ஸ்தேவான் என்ற விசுவாசி கொல்லப்பட்ட பின் சிதறி ஓடியவர்களில் சீப்புரு தீவையும் வட ஆப்பிரிக்காவின் சிரேனேயையும் சேர்ந்த சிலர் சிரியாவின் அந்தியோகியாவுக்கு வந்து கிரேக்கரிடமும் பேசினார்கள் என்று இருக்கிறது. அவர்கள் பெயர் இல்லை. எத்தனை பேர் என்றும் இல்லை. கிறிஸ்தவ வரலாற்றின் மிகப் பெரிய திருப்பத்தைச் செய்தவர்கள் ஊர்ப்பெயர் மட்டும் உள்ள அகதிகள். அதற்குப் பிறகுதான் எருசலேம் சபை அனுப்பிய பர்னபா வருகிறார், அவர் போய் பவுலை அழைத்து வருகிறார். 'கிறிஸ்தவர்' என்ற பெயரே முதலில் அந்த ஊரில்தான் வழங்கியது. ஒவ்வோர் ஆண்டும் இந்த இடத்தை வகுப்பில் வாசிக்கும்போது நான் சற்று நிறுத்திவிடுவேன். பரவலின் முழுக்கதையும் இந்த இரண்டு வசனங்களில் இருக்கிறது என்பது என் நம்பிக்கை.

அந்தியோகியாவில் வந்த முதல் பெரிய சண்டையும் ஒரு தமிழருக்கு விளக்கம் சொல்ல வேண்டாத சண்டை: யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது? பேதுரு அங்கே யூதர் அல்லாதவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். பர்னபாவும் அவரோடு போய்விட்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேரே கண்டித்ததாகக் கலாத்தியரில் எழுதுகிறார். பேதுரு என்ன பதில் சொன்னார், ஊர் யார் பக்கம் நின்றது என்று எழுதவில்லை. பவுல் அன்று தோற்றிருக்கலாம் என்று நினைக்கும் அறிஞர்கள் உண்டு. ஜெயித்திருந்தால் எழுதியிருப்பாரே என்பது அவர்கள் வாதம். எனக்கும் அது பொருந்தி வருவதாகவே தோன்றுகிறது. ஆனால் காலப்போக்கில் நின்றது பவுலின் வழி. விருத்தசேதனம் (யூத ஆண்களுக்குரிய சுன்னத்து) இல்லாமல், யூதராக மாறாமல், ஒரே பந்தியில் உட்காரலாம். இந்த ஒரு முடிவு இல்லையென்றால் அது யூத மதத்துக்குள் ஒரு சிறு பிரிவாகவே இருந்து முடிந்திருக்கக்கூடும்.

கொரிந்து சபையிலும் பிரச்சினை சாப்பாட்டில்தான் வெடித்தது. வசதியானவர்கள் முதலில் வந்து சாப்பிட்டுக் குடித்துவிடுகிறார்கள், வேலை முடித்து வருகிறவர்கள் பசியோடு நிற்கிறார்கள் என்று பவுல் கோபப்படுகிறார். அந்த வரிகளைப் படித்தால், ஒரு வீட்டில் எஜமானும் அடிமையும் கூலிக்காரரும் சேர்ந்து கூடியிருந்தார்கள் என்பது கண்முன் வருகிறது. அவர்கள் கூடியது வீடுகளில். ரோமருக்கு எழுதிய கடிதத்தின் கடைசி அதிகாரத்தைப் பலர் வெறும் வாழ்த்துப் பட்டியல் என்று தாண்டிவிடுவார்கள். எனக்கு அதுதான் புதையல். கெங்கிரேயா துறைமுகச் சபையின் ஊழியக்காரி பெபேயாள், அந்தக் கடிதத்தை ரோமுக்கு எடுத்துப் போனவராக இருக்கக்கூடியவர், முதலில் வருகிறார். பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்ற தம்பதி வருகிறார்கள். அவர்கள் வீட்டிலேயே ஒரு சபை கூடுகிறது. இவர்கள் கூடாரம் செய்யும் தொழிலாளிகள். ஆக்கில்லா கருங்கடல் கரையில் பொந்துவில் பிறந்தவர். பிறகு ரோம், அங்கிருந்து வெளியேற்றப்பட்டுக் கொரிந்து, அப்புறம் எபேசு, மீண்டும் ரோம். போன ஊரிலெல்லாம் தொழிலும் சபையும் கூடவே போயின. சுமார் 57-இல் எழுதப்பட்ட அந்தக் கடிதத்தின்போது பவுல் ரோமுக்குப் போனதே இல்லை. அங்கே சபை ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தொடங்கியது யார் என்று எந்தப் பழைய ஆவணமும் சொல்லவில்லை. பேதுரு பிற்பாடு ரோமில் இருந்தார், அங்கே கொல்லப்பட்டார் என்பதற்குப் பழைய சாட்சியங்கள் உண்டு, பெரும்பாலானோர் ஏற்கிறார்கள். ஆனால் அவர் அந்தச் சபையை நிறுவினார், இருபத்தைந்து ஆண்டுகள் ஆயராக இருந்தார் என்பது பிற்கால மரபு.

இந்தப் பரவலுக்கு ஏற்கெனவே போட்டு வைத்த பாதை யூதர்களுடையது. மத்தியதரைக் கடலைச் சுற்றி ஊருக்கு ஊர் ஜெப ஆலயங்கள் இருந்தன. அங்கே எபிரேய வேதம் கிரேக்க மொழிபெயர்ப்பில் வாசிக்கப்பட்டது. ஒரே கடவுள் என்ற எண்ணத்தாலும் ஒழுக்கத்தாலும் ஈர்க்கப்பட்டு, யூதராக மாறாமலே ஓரமாக உட்கார்ந்து கேட்ட பிற இனத்தவர் இருந்தார்கள். முதல் கேட்போரில் பலர் இவர்களாக இருக்க வேண்டும். ரோமச் சாலைகளும் கடல் வணிகமும் பொதுமொழியான கிரேக்கமும் உதவின என்பதைப் பாடப்புத்தகங்கள் எல்லாம் சொல்லும், அதில் தவறில்லை. ஆனால் சாலை எல்லா மதங்களுக்கும் திறந்துதான் இருந்தது. எகிப்தின் ஐசிஸ் வழிபாடும் பாரசீகப் பெயர் கொண்ட மித்ரா வழிபாடும் அதே சாலையில்தான் போயின.

எனவே மாணவர்களுக்கு நான் எப்போதும் முதலில் கொடுப்பது ஒரு கிறிஸ்தவர் எழுதியதை அல்ல. இன்றைய துருக்கியின் வடக்கில் பித்தினியா, பொந்து மாகாணத்தை ஆண்ட பிளினி என்ற ரோம ஆளுநர், சுமார் 112-இல் பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதம் அது. கிறிஸ்தவர்கள் என்று என்னிடம் பலரைப் பிடித்து வருகிறார்கள், என்ன செய்வது என்று கேட்கிறார். எல்லா வயதிலும் எல்லாத் தரத்திலும் ஆணும் பெண்ணும் இருக்கிறார்கள், நகரங்களில் மட்டுமல்ல, கிராமங்களிலும் வயல்வெளிகளிலும் இந்தத் தொற்று பரவிவிட்டது என்கிறார். கோயில்கள் ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடந்தன, பலி இறைச்சியை வாங்க ஆள் இல்லாமல் இருந்தது, இப்போதுதான் மீண்டும் விற்கிறது என்கிறார். விசாரணையில் சிலர், இருபது ஆண்டுகளுக்கு முன்பே விட்டுவிட்டோம் என்றார்களாம். ஆக தொண்ணூறுகளிலேயே அங்கே சபை இருந்திருக்கிறது. அவர்கள் செய்த குற்றம் என்ன? ஒரு குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகக் கருதி மாறி மாறிப் பாடுவார்கள். திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், நம்பிக் கொடுத்ததை இல்லை என்று மறுக்க மாட்டோம் என்று உறுதி எடுப்பார்கள். பிறகு கலைந்துபோய், மறுபடி கூடி எளிய உணவு சாப்பிடுவார்கள். இதை உறுதி செய்துகொள்ள பிளினி இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்கிறார். அந்தச் சபையில் அவர்களுக்கு ஊழியக்காரர் என்ற பொறுப்பு இருந்தது என்பதும் அவர் எழுத்திலிருந்தே தெரிகிறது. மாகாணத்தின் ஒரு மூலையில், சட்டத்தின் கண்ணில் ஒரு பொருளைப் போல விற்கவும் வாங்கவும் படக்கூடிய இரண்டு பெண்கள், சபையில் பொறுப்பாளர்கள். அவர்கள் பெயரையும் பிளினி எழுதவில்லை.

திராயானின் பதில் சுருக்கமானது: தேடிப் போகாதே; குற்றம் சாட்டி நிரூபித்தால் தண்டி; பெயரில்லாத மொட்டைக் கடிதங்களை ஏற்காதே. இந்தக் கொள்கைதான் அடுத்த நூற்றாண்டுக்கு மேல் பொதுவாக நடைமுறையில் இருந்தது. இதைச் சொல்லக் காரணம், முந்நூறு ஆண்டுகளும் கிறிஸ்தவர்கள் சுரங்கங்களில் ஒளிந்து வாழ்ந்தார்கள் என்பதும் ஒரு மிகைப்படுத்தல். ரோம் எரிந்த 64-இல் நீரோ செய்த கொடுமை ரோம் நகரோடு நின்றது. 177-இல் இன்றைய பிரான்சின் லியோனில் பிளண்டினா என்ற அடிமைப் பெண்ணும் தொண்ணூறைத் தாண்டிய ஆயர் பொத்தினுஸும் இறந்தது, 203-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் பெர்பெத்துவா, பெலிசித்தா என்ற பெண்கள் இறந்தது, இவையெல்லாம் அந்தந்த ஊரில் வெடித்த வெறுப்பு. பேரரசு முழுக்க ஆணை வந்தது 249-இன் கடைசியில், பேரரசர் தேசியுஸ் காலத்தில்தான். எல்லாரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றார். அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கு மேற்பட்டவை பப்பிரஸ் தாள்களாக எகிப்து மணலில் கிடைத்திருக்கின்றன. அப்போது ஏராளமான கிறிஸ்தவர்கள் பயந்து பலியிட்டார்கள், அல்லது காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். 260-இல் பேரரசர் கல்லியேனுஸ் துன்புறுத்தலை நிறுத்தியதிலிருந்து 303 வரை சுமார் நாற்பது ஆண்டுகள் அமைதி. கிறிஸ்தவர்களின் இரத்தம் விதை என்று தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் 197-ஐ ஒட்டி எழுதியது புகழ்பெற்ற வரி. தியாகிகளின் மரணம் பார்த்தவர்களை அசைத்தது உண்மை. ஆனால் எண்ணிக்கை பெருகியதற்கு அந்த நாற்பது அமைதியான ஆண்டுகளும் ஒரு முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பிறகு எதனால்தான் மக்கள் சேர்ந்தார்கள்? இங்கே உறுதி குறைகிறது, ஏனென்றால் சேர்ந்தவர்களில் ஆயிரத்தில் ஒருவர்கூட ஏன் சேர்ந்தோம் என்று எழுதி வைக்கவில்லை. பேய் ஓட்டியது, நோய் சுகமானது என்று அந்தக் காலத்து எழுத்துகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அப்படி நடந்ததா என்பதற்கு வரலாறு தீர்ப்புச் சொல்லாது. மக்கள் அப்படி நம்பினார்கள் என்பது தெளிவு. எனக்கு அதிகம் எடையுள்ளதாகத் தோன்றுவது வேறு. 251-ஐ ஒட்டி ரோம் ஆயர் கொர்னேலியுஸ் எழுதிய கடிதத்தில் தன் சபையின் கணக்கைத் தருகிறார்: 46 மூப்பர்கள், 7 டீக்கன்கள், 52 பேயோட்டுபவர்கள், வாசிப்பவர்கள், கதவுக்காவலர்கள், இவர்களோடு சபை பராமரிக்கும் விதவைகளும் ஏழைகளும் 1,500-க்கு மேல். இது அரசன் ஆதரவு வருவதற்கு 60 ஆண்டுகளுக்கு முன். அதே காலத்தில் ஒரு கொள்ளைநோய் பேரரசைச் சூறையாடியது. அலெக்சாந்திரியாவில் கிறிஸ்தவர்கள் நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்துத் தாங்களும் இறந்தார்கள் என்று ஆயர் தியோனிசியுஸ் எழுதினார். அவர் தம் மக்களைப் புகழ்கிறார், ஆகவே ஒரு பக்கச் சாட்சி என்று வைத்துக்கொள்வோம். ஆனால் நூறு ஆண்டுகள் கழித்து, பழைய தெய்வங்களை மீட்க முயன்ற பேரரசர் ஜூலியன், கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளை மட்டுமல்ல, நம் ஏழைகளையும் போஷிக்கிறார்கள், நாம் செய்யவில்லை என்று தன் தலைமைப் பூசாரி ஒருவரிடம் குறைபட்டார். எதிரியே சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது.

இன்னோர் ஆவணம். 303 மே மாதம் 19-ஆம் தேதி, வட ஆப்பிரிக்காவில் சிர்த்தா நகரில், டயோக்ளீஷியன் ஆணைப்படி அதிகாரிகள் கிறிஸ்தவர்கள் கூடும் வீட்டைச் சோதனையிட்டார்கள். எடுத்த பொருளை எழுத்தர் ஒன்றுவிடாமல் குறித்தார். பொன் கிண்ணங்கள் 2, வெள்ளிக் கிண்ணங்கள் 6, விளக்குகள் என்று போகிற பட்டியல், பெண்களுக்கான அங்கிகள் 82, ஆண்களுக்கானவை 16, ஆண்கள் செருப்பு 13 ஜோடி, பெண்கள் செருப்பு 47 ஜோடி என்று தொடர்கிறது. ஏழைகளுக்குக் கொடுக்கச் சேர்த்து வைத்த துணிமணிகள் என்றே பெரும்பாலும் கருதுகிறார்கள். வேதப்புத்தகங்களைப் பறிக்க வந்த போலீஸ் சோதனையில் இவ்வளவு செருப்பு கிடைத்திருக்கிறது. ஏன் சேர்ந்தார்கள் என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்தப் பட்டியலைத்தான் வாசித்துக் காட்டுவேன். அதற்காக எல்லாவற்றையும் புகழ வேண்டியதில்லை. பவுல் பிலேமோன் என்ற விசுவாசிக்கு, அவருடைய அடிமை ஒநேசிமுவைச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்று எழுதினாரே தவிர, அடிமை முறையை ஒழி என்று எழுதவில்லை. சபையும் பல நூற்றாண்டுகள் அதோடு சமரசமாகவே வாழ்ந்தது.

எண்ணிக்கை பற்றிக் கேட்பீர்கள். 300-இல் பேரரசின் சுமார் 6 கோடிப் பேரில் பத்தில் ஒருவர் கிறிஸ்தவர் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது ஊகம், மக்கள்தொகைக் கணக்கு எதுவும் கிடையாது. ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 40-ஆம் ஆண்டில் ஆயிரம் பேர் என்று வையுங்கள். பத்தாண்டுக்கு 40 சதவீதம், அதாவது ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்றரைக்கும் குறைவாக வளர்ந்தால், 300-இல் 60 லட்சத்தைத் தாண்டிவிடும். ஒரு சிறு சபையில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேர் கூடினால் போதும். அண்டை வீட்டுக்காரி, மருமகள், கூட வேலை செய்பவர், இப்படி. கூட்டம் கூட்டமான மதமாற்றமும் வேண்டாம், அரசனின் வாளும் வேண்டாம்.

இதெல்லாம் ரோமப் பக்கம். கிழக்கே இன்னொரு சபை சீரிய மொழி பேசி வளர்ந்தது, நம் மேடைகளில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்றைய துருக்கியின் தென்கிழக்கில் எதெசா நகரில் 201-இல் வந்த வெள்ளம் கிறிஸ்தவர்களின் ஆலயத்தைச் சேதப்படுத்தியதாக அந்த ஊர்க் குறிப்பேடு சொல்கிறது. அங்கிருந்து கீழே யூப்ரடீஸ் கரையில் தூரா எவ்ரோப்போஸ் என்ற கோட்டை ஊர். 256-இல் பாரசீகப் படை முற்றுகையிட்டபோது, மதிலைப் பலப்படுத்த ஓரத்து வீடுகளை மண்ணால் நிரப்பினார்கள். அதனால் ஒரு வீடு அப்படியே புதைந்து காப்பாற்றப்பட்டது. நடுச்சுவரை எடுத்து இரண்டு அறைகளை ஒன்றாக்கிக் கூடும் இடமாக்கியிருக்கிறார்கள். இன்னோர் அறையில் திருமுழுக்குத் தொட்டி, சுவரில் முடக்குவாதக்காரன் படுக்கையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் ஓவியம். அதே மதிலோரத்தில் யூதரின் ஜெப ஆலயமும் மித்ரா கோயிலும் இருந்தன. அந்த வீட்டில் எழுபது பேர் நெருக்கியடித்து உட்காரலாம். மூன்றாம் நூற்றாண்டுச் சபை எப்படி இருந்தது என்று கேட்டால் இதைத்தான் காட்ட வேண்டும்.

இந்தச் சீரியக் கிழக்கிலிருந்துதான் தோமாவின் கதை நமக்கு வருகிறது. தோமா இந்தியா வந்ததைச் சொல்லும் பழைய நூல் எதெசா வட்டாரத்தில் மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. பேசும் விலங்குகளெல்லாம் வரும் புனைவு அது. ஆனால் அதில் வரும் குந்தபோர் என்ற மன்னன் உண்மையானவன். இந்தியாவின் வடமேற்கில் முதல் நூற்றாண்டில் ஆண்டதை அவனுடைய நாணயங்கள் காட்டுகின்றன. கதையில் அவர் போவது வடமேற்கு; கேரளமும் மயிலாப்பூரும் வேறு மரபு. 52-இல் கொடுங்கல்லூரில் இறங்கினார் என்ற தேதிக்குப் பழைய ஆவணம் இல்லை. மறுபக்கம், அந்தக் காலத்தில் முசிறிக்கும் செங்கடலுக்கும் ஆண்டுதோறும் கப்பல் போனது, யாரும் வந்திருக்கலாம். ஆக நடந்திருக்கக்கூடியது, நிரூபிக்கப்படாதது என்பதே என் பதில். மயிலாப்பூரில் நானும் மண்டியிட்டு ஜெபித்திருக்கிறேன், ஆனால் வகுப்பில் இதற்கு மேல் சொன்னதில்லை. உறுதியாகச் சொல்ல முடிவது இது: ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்ற கிரேக்க வணிகர், மலபாரிலும் இலங்கையிலும் கிறிஸ்தவர்கள் இருப்பதாகவும், இலங்கையில் இருப்பவர்கள் பாரசீகத்திலிருந்து வந்து தங்கியவர்கள் என்றும் எழுதினார். அனுராதபுரத்தில் கிடைத்த கற்சிலுவையை அவர்களோடு தொடர்புபடுத்துவோர் உண்டு. 849-இல் சேர மன்னன் தாணு ரவி காலத்தில், வேணாட்டை ஆண்ட அய்யன் அடிகள், கொல்லத்தில் மார் சபீர் ஈசோ என்பவர் கட்டிய தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவ ஆலயத்துக்கு நிலமும் உரிமைகளும் எழுதிக்கொடுத்தார். அந்தச் செப்பேடு இன்றும் இருக்கிறது. வட்டெழுத்தில் எழுதிய அதன் கடைசியில், சாட்சிகள் அரபு, பாரசீக, எபிரேய எழுத்துகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.